கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க அக்கா!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், "கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்காரங்க வழக்கம்போல 'கணினியின் பயன்கள்'னு எழுதிக் குடுத்துடுவாங்க" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேலி செய்தார்கள். கணினியின் பயன்கள் இருக்கட்டும். கணினியை வைத்து நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். நடுநடுவே கொஞ்சம் பாடமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறிலிருந்து நான் வெளியே வந்ததே அந்தப் பாடத்தால்தான்.

ஆறு தறியும் ஒரு டிப்ளமாவும்

என் அம்மா விசைத்தறிப் பட்டறையில் ஆறு தறி பார்க்கிறார். அப்பாவுக்குப் பாவு பிணைக்கிற வேலை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அட்மிஷன் அன்றைக்கு அப்பா ஆபீஸ் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஜாவா படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வேலை செய்யும் பட்டறையின் முதலாளி ஒருநாள் கூப்பிட்டார். "ஏம் பாப்பா, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? சனிக்கிழமை கூலிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் போட்டுக் குடேன். நோட்டுல எழுதி எழுதிக் கை வலிக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் புரோகிராம் நிஜமான ஒரு இடத்தில் ஓடப் போகிறது! அதையே மினி புராஜெக்ட்டாகவும் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வேலை எளிதுதான். பட்டறையில் 14 பேர். வாரம் எத்தனை மீட்டர் நெய்தார்கள் என்று கொடுத்தால் கூலியைப் பெருக்கிச் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கியவர்களுக்கு வாரா வாரம் பிடித்தம் உண்டு. அதைக் கூலியில் கழிக்க வேண்டும். அவர்கள் முன்பணப் பாக்கியிலும் குறைக்க வேண்டும். கூலிப் பட்டியலுக்கு ஒரு ஃபைல். பாக்கிக் கணக்குக்கு ஆளுக்கு ஒரு ஃபைல். எல்லாம் எக்செல்லில் திறந்து பார்க்கக்கூடிய சாதாரண ஃபைல்கள்.

டெமோ பிரமாதமாக ஓடியது. முதலாளி எனக்கு ரூ.1,000 கொடுத்தார். அம்மா அதை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

கரிக்கோடுகள்

இரண்டு மாதம் கழித்து, அம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். என்னை விட இருபது வயது மூத்தவர். பட்டறையிலேயே அதிகமாக முன்பணம் வாங்கியிருந்தவர் அவர்தான். வாரம் ரூ.500 பிடித்தம்.

"கண்ணு, எம்பட கணக்குல பாக்கி கொறையவே மாட்டேங்குதாம். கூலியில ஐநூறு ஐநூறாப் புடிச்சுட்டுத்தான் குடுக்கறாங்க. மொதலாளியக் கேட்டா, கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குதுங்கறாரு. மூணு வாரமா இப்படி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா நண்பர்களே? கொஞ்சம்கூட யோசிக்காமல், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க அக்கா! நீங்க எண்ணுனதுல ஏதாவது விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. "நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குப் போனவுடன் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாராம். ஒரு பிடித்தத்துக்கு ஒரு கோடு. ஒருவாரம்கூடத் தவறியதில்லையாம். அந்தச் சுவருக்கும் என் புரோகிராமுக்கும் மூன்று கோடு வித்தியாசம். அதாவது ரூ.1,500.

காலி கேட்ச்

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். கூலிப் பட்டியலில் மூன்று வாரமும் ரூ.500 பிடித்தம் பதிவாகி இருந்தது. அக்காவின் பாக்கி ஃபைலில் அந்த மூன்று வாரமும் ஒன்றுமே இல்லை. சுவர் சொன்னதுதான் சரி.

காரணம் தெரிய அரைமணி நேரம் ஆயிற்று. அதிக முன்பணம் என்பதால் முதலாளி அடிக்கடி அந்த அக்காவின் ஃபைலை மட்டும் எக்செல்லில் திறந்து பார்ப்பார். மூடாமல் விட்டுவிடுவார். எக்செல் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது விண்டோஸ் வேறு புரோகிராமை அதில் எழுத விடாது. என் ஜாவா புரோகிராம் எழுதப் போனபோதெல்லாம் 'எக்செப்ஷன்' வந்திருக்கிறது. அதாவது, "இந்த வேலையை என்னால் செய்ய முடியவில்லை" என்று கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை யாரும் கேட்காதபடி வாயைப் பொத்தியவள் நான்தான்!

நம் லேப்பில் நாம் எல்லோரும் செய்வதுதான். ஃபைலில் எழுதும் வரிக்கு ஜாவா சிவப்புக் கோடு போட்டு, எக்செப்ஷனுக்கு வழி சொல் என்று கேட்கும். உடனே 'ட்ரை' என்று ஒரு அடைப்பு, 'கேட்ச்' என்று இன்னொரு அடைப்பு. கேட்ச்சுக்குள்ளே ஒன்றும் எழுதமாட்டோம். சிவப்புக் கோடு போய்விடும். கம்பைல் ஆகிவிடும். ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். என் புரோகிராமில் அப்படி 23 காலி கேட்ச் இருந்தன. எக்செப்ஷனை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய், "பதிவு ஆயிற்று" என்று திரையில் பச்சை எழுத்தில் போட்டது என் புரோகிராம்.

பழுது தாங்கும் மென்பொருளைப் பற்றிய பாடத்தில் மூன்று சொற்கள் வரும்: பழுது, பிழை, செயலிழப்பு. ஆங்கிலத்தில் ஃபால்ட், எர்ரர், ஃபெய்லியர். மூன்றும் ஒன்றே என்று நினைத்து நான் மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது புரிந்தது. என் காலி கேட்ச்தான் பழுது. அது தூங்கிக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை எக்செல் திறந்திருந்தபோது அது விழித்து, பாக்கிக் கணக்கைத் தப்பாக்கியது. அது பிழை. அந்தப் பிழை வெளியே வந்து ஒரு மனுஷியின் பணத்தைத் தின்றதே, அது செயலிழப்பு. பழுது தாங்குதல் என்பது பழுதே இல்லாமல் செய்வதல்ல. பழுது இருக்கத்தான் செய்யும். அது செயலிழப்பாக வெளியே வருவதற்குள் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா சொன்னது

முதலாளியிடம் சொல்லப் பயமாக இருந்தது. அம்மா வேலைக்கு என்ன ஆகுமோ? யாருக்கும் தெரியாமல் அந்த ஃபைலில் மூன்று வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு ராத்திரி முழுவதும் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், செய்யத்தான் இருந்தேன். விடிகாலையில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. "இழை அறுறது தப்பில்ல கண்ணு. பஞ்சுதானே, அறுக்கத்தான் அறுக்கும். அறுந்தது தெரியாம தறி ஓடுது பாரு, அதுதான் தப்பு" என்றார்.

தறி பார்த்திராத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நாடாவிலிருந்து வரும் ஊடை இழை அறுந்தால், முள்கரண்டி மாதிரி இருக்கும் ஒரு சின்னக் கம்பிக்கு அது தெரிந்து தறி தானாகவே நின்றுவிடும். ஆனால் எங்கள் பட்டறையில் இருப்பது போன்ற சாதாரணத் தறியில் பாவு இழை அறுந்தால் தறி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் நெடுக ஒரு கோடு விழும். அம்மா ஆறு தறிக்கும் இடையே நாள் முழுவதும் நடப்பது அந்தக் கோடு விழாமல் பார்க்கத்தான்.

அன்றைக்கே அம்மாவோடு போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கூலிப் பட்டியலையும் பாக்கி ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "சரி, ஆயிரத்தைநூறக் கொறைச்சுடு. ஆனா இனிமே நோட்டும் எழுதுவேன், கம்ப்யூட்டரும் எழுதட்டும்" என்றார். அதில் எனக்கு அவமானம்தான். ஆனால் அவர் சொன்னது சரி என்பதும் பிறகு புரிந்தது.

இருபத்திமூன்று இடங்கள்

திருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேட்ச்சிலும் என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். என்ன நடந்தது என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். திரையில் சிவப்பாகச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் எழுதி மற்ற இடங்களில் காப்பி அடித்து ஒட்டினேன். நாலு வரி இருந்த மெத்தட் எல்லாம் முப்பது வரி ஆகிவிட்டது. கூலிக் கணக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியதாயிற்று.

எங்கள் மேடத்திடம் காட்டினேன். அவர் பேசாமல் சில ஃபைல்களை எக்செல்லில் திறந்து வைத்துவிட்டு, மெனுவில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டினார். மாதக் கணக்கு என்ற இடத்தில் மறுபடியும், "பதிவு ஆயிற்று" என்று பச்சை எழுத்து! 23-இல் ஒன்றை விட்டுவிட்டிருந்தேன்.

"இது உன் கவனக்குறைவு மட்டும் இல்லம்மா. ஒரே விஷயத்தை இருபத்திமூணு இடத்துல எழுதச் சொன்னா, யாரா இருந்தாலும் ஒண்ண விடுவாங்க" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா? பிறகு ஒரு பெயரைச் சொன்னார்: ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்.

பாவும் ஊடையும்

இது நம் டிப்ளமா சிலபஸில் இல்லை. ஆனால் பழைய விஷயம்தான். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் கிரெகர் கிக்ஸாலேஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் சேர்ந்து உருவாக்கியது. 1997-இல் பின்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஜாவாவுக்காக அவர்கள் செய்ததுதான் 'ஆஸ்பெக்ட்ஜே'. இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

அவர்கள் பார்த்தது இதுதான். ஒரு புரோகிராமைக் கிளாஸ் கிளாஸாகப் பிரிக்கிறோம். கூலி ஒரு கிளாஸ், முன்பணம் ஒரு கிளாஸ், ஆட்கள் ஒரு கிளாஸ். ஆனால் சில விஷயங்கள் எந்தக் கிளாஸிலும் அடங்காது. பிழை வந்தால் என்ன செய்வது, பதிவேடு எழுதுவது, யாருக்கு அனுமதி என்று பார்ப்பது போன்றவை எல்லாக் கிளாஸையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதனால் ஒரே விஷயம் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் பல விஷயங்கள் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அப்படிக் குறுக்கே போகும் விஷயத்தைத் தனியே எடுத்து ஓரிடத்தில் எழுதினால் அதுதான் 'ஆஸ்பெக்ட்'.

புரோகிராம் ஓடும்போது நாம் கைவைக்கக்கூடிய ஒவ்வொரு இடமும் (ஒரு மெத்தடை அழைப்பது போல) 'ஜாயின் பாயிண்ட்'. எந்தெந்த ஜாயின் பாயிண்ட் நமக்கு வேண்டும் என்று ஒரு வரியில் சொல்வது 'பாயிண்ட்கட்'. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது 'அட்வைஸ்'. அது முன்னால் ஓடலாம், பின்னால் ஓடலாம், சுற்றி நின்றும் ஓடலாம். சுற்றி நிற்பதற்கு 'அரவுண்ட்' என்று பெயர். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் கம்பைலர் இரண்டையும் சேர்த்துப் பின்னிவிடும். அந்தப் பின்னுவதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'வீவிங்'! நெசவு!

இதைக் கேட்டதும் வகுப்பென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். நெடுக்கே ஓடும் பாவு என் கிளாஸ்கள். குறுக்கே ஓடும் ஊடை ஆஸ்பெக்ட். இரண்டையும் சேர்த்தால்தான் துணி. வீட்டில் மூன்று தலைமுறையாகப் பார்த்த வேலையைத்தான் பாடமாகப் படிக்கிறேன் என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். "அப்ப உனக்குக் கஷ்டமே இருக்காது" என்றார் அப்பா. கஷ்டம் இருந்தது!

பட்ட பாடு

முதல் கஷ்டம். என் காலி கேட்ச்கள் உள்ளே இருக்கும்வரை, வெளியே சுற்றி நிற்கும் அட்வைஸுக்கு எதுவுமே தெரியாது. உள்ளேயே விழுங்கியது வெளியே எப்படித் தெரியும்? ஆகவே 23 கேட்ச்சையும் நீக்கினேன். ஒவ்வொரு மெத்தட் தலைப்பிலும், "இதிலிருந்து எக்செப்ஷன் வரலாம்" என்று அறிவிக்கும் 'த்ரோஸ்' சேர்த்தேன். முதல்முறையாக என் புரோகிராம், தன்னால் தவறு நேரலாம் என்று ஒப்புக்கொண்டது!

இரண்டாவது கஷ்டம், பாயிண்ட்கட். 'சேவ்' என்று ஆரம்பிக்கும் எல்லா மெத்தடும் என்று எழுதினேன். எந்தெந்த இடத்தில் பின்னியது என்று ஆஸ்பெக்ட்ஜே கம்பைலரிடம் கேட்டால் பட்டியல் தரும். எண்ணினேன். 19 தான் இருந்தது. நான்கு மெத்தட்களுக்கு நான் 'அப்டேட்' என்று பெயர் வைத்திருந்தேன். அதில் ஒன்று எது? முன்பணப் பாக்கியைக் குறைப்பது! எந்த இடத்துக்காக இவ்வளவும் செய்தேனோ அதே இடம் விட்டுப்போயிருந்தது. பெயரை நம்பி எழுதும் பாயிண்ட்கட் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் ஃபைலில் எழுதும் வேலை முழுவதையும் ஒரே கிளாஸுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கிளாஸுக்கு வெளியே யாராவது ஃபைலில் எழுதினால் கம்பைலே ஆகக்கூடாது என்று ஆஸ்பெக்ட்டிலேயே ஒரு விதி போட்டேன். 'டிக்ளேர் எர்ரர்' என்று அதற்கு வசதி இருக்கிறது. இனி நான் மறந்தாலும் கம்பைலர் மறக்காது.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. முடியாவிட்டால் மறுபடி முயல் என்று எழுதினேன் அல்லவா? பாதி எழுதிய பிறகு பிழை வந்து, மறுபடி முதலிலிருந்து ஓடினால் என்ன ஆகும்? ஐநூறு இரண்டு தடவை கழியும்! முதலில் பிடிக்காமல் விட்டேன், இப்போது இரட்டையாகப் பிடிக்கப் பார்த்தேன். மறுபடி முயலும் முன் பழைய நிலைக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஆகவே அட்வைஸ் இப்படி ஆயிற்று: கூலி கொடுக்கும் வேலை தொடங்கும் முன் இரண்டு ஃபைலையும் நகல் எடு. வேலையை ஓட விடு. எக்செப்ஷன் வந்தால் இரண்டையும் நகலிலிருந்து திருப்பு. ஒரு நொடி பொறுத்து மறுபடி ஓட்டு. மூன்று தடவைக்கு மேல் முடியாவிட்டால் பதிவேட்டில் எழுதிவிட்டு, எக்செப்ஷனை மேலே அனுப்பு. விழுங்காதே.

கரண்ட் போனால்? புரோகிராமே செத்துவிடும்போது அட்வைஸும் சேர்ந்து செத்துவிடும். அதற்கு ஆஸ்பெக்ட் உதவாது. புதிய கணக்கைப் பக்கத்தில் வேறொரு ஃபைலில் முழுதாக எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றுவது, அடுத்த தடவை புரோகிராம் தொடங்கும்போது பாதியில் நின்ற வேலை ஏதும் உண்டா என்று பார்ப்பது என்று தனியாகச் செய்தேன். "டேட்டாபேஸ் வச்சிருந்தா டிரான்சாக்ஷன்னு இதெல்லாம் தயாராவே கெடைச்சிருக்கும்மா. கம்பெனிகள்ல ஸ்பிரிங்னு ஒண்ணு யூஸ் பண்றாங்களே, அதுலயும் டிரான்சாக்ஷன இதே ஆஸ்பெக்ட் முறையிலதான் சுத்தி நிறுத்துறாங்க. ஆனா கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது உனக்கு மறக்காது" என்றார் மேடம்.

ஒரு ராக்கெட்டின் கதை

"நாமெல்லாம் டிப்ளமா. பெரிய ஆளுங்க இப்படித் தப்பு பண்ணுவாங்களா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. அதோடு நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

ராக்கெட் எந்தத் திசையில் சாய்ந்து போகிறது என்று சொல்லும் கருவியின் மென்பொருளை ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தியிருந்தார்கள். அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் அதிகம். எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. எக்செப்ஷன் வந்தது. வந்தால் கருவி நின்றுவிட வேண்டும் என்பதுதான் விதி. நின்றுவிட்டது.

மாற்றுக் கருவி இல்லையா? இருந்தது. அதிலும் அதே மென்பொருள்தான். அது 72 மில்லிசெகண்ட் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது! ஒரே தவறைச் செய்யும் இரண்டு பேர் இருந்து என்ன பிரயோஜனம்?

விசாரணை அறிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இப்படி ஆபத்து வரக்கூடிய எண்கள் மொத்தம் ஏழு. நான்குக்குப் பாதுகாப்புக் கொடுத்திருந்தார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள். என்னைப் போல மறதியால் அல்ல. கம்ப்யூட்டரின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காகவும், அந்த எண்கள் பெரிதாக வாய்ப்பில்லை என்று நினைத்தும், தீர்மானித்தே விட்டிருந்தார்கள். ஆனால் ஏன் விட்டோம் என்ற காரணம் அந்தப் புரோகிராம் வரிகளில் எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆஸ்பெக்ட் இருந்திருந்தால் ராக்கெட் தப்பித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எண்ணே பெரிதாகிவிட்டால் மூன்று தடவை அல்ல, முந்நூறு தடவை முயன்றாலும் அதேதான் நடக்கும். எங்கே பாதுகாப்பு உண்டு, எங்கே இல்லை, ஏன் இல்லை என்பது ஓரிடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆஸ்பெக்ட் எனக்குக் கொடுத்த பெரிய உதவி அதுதான். பிழை வந்தால் இந்தப் புரோகிராம் என்ன செய்யும் என்று கேட்டால், இன்றைக்கு ஒரே ஒரு பக்கத்தைக் காட்டுவேன்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு அக்காவின் சுவர்தான் ஞாபகம் வந்தது. என் கூலிப் பட்டியலும் பாக்கி ஃபைலும் ஒரே புரோகிராம் எழுதியவை. அந்தக் கரிக்கோடுகளோ, என் ஜாவாவையும் எக்செல்லையும் விண்டோஸையும் தெரியாத வேறொரு கணக்கு. அது வேறாக இருந்ததால்தான் என் தவறு அதற்குள் போகவில்லை. முதலாளி நோட்டும் எழுதுவேன் என்றதும் அதனால்தான் சரி.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

புதிய புரோகிராம் இப்போது பட்டறையில் ஓடுகிறது. முதல் மாதத்தில் மட்டும் நான்கு தடவை, "பதிவு ஆகவில்லை, ஃபைலை மூடுங்கள்" என்று சிவப்பில் காட்டியது. "முன்னைக்கு இது ரொம்ப மோசம் பாப்பா, எப்பப் பாரு தப்புங்குது" என்றார் முதலாளி. முன்னையும் அதே தப்புகள் இருந்தன, அது சொல்லவில்லை அவ்வளவுதான் என்று விளக்கினேன். சிரித்தார்.

அந்த அக்கா வீட்டுக்கு நானே போனேன். "நான் சொன்னதுதான் தப்புங்க அக்கா. நீங்க போட்ட கோடுதான் சரி" என்றேன். அவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். "அப்ப இனிமே கோடு போட வேண்டாமா கண்ணு?" என்று கேட்டார்.

"போடுங்க அக்கா. நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்றேன்.

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்பில் புரியாவிட்டால் கேட்கமாட்டோம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லமாட்டோம். "எப்படிப் போகுது படிப்பு?" என்று அப்பா கேட்டால், "நல்லாப் போகுதுப்பா" என்போம். எனக்கும் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. எழுதிப் பாஸான பிறகுகூடச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை மலரில் வந்தால், பக்கத்து வீட்டுத் தம்பி படித்துக் காட்டி அப்பாவுக்குத் தெரியத்தான் போகிறது. தெரியட்டும்.

புரிந்துகொள்ளக் கூடிய மேடமும் சாரும் நண்பர்களும் நமக்கு இருக்கிறார்கள். இழை அறுந்தால் சொல்லிவிடுவோம். அறுந்ததை முடிச்சுப் போட ஆள் இருக்கிறது. தெரியாமல் ஓடும் தறிக்குத்தான் யாரும் உதவ முடியாது.

இன்றைக்கு ராத்திரி உங்கள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து, எத்தனை காலி கேட்ச் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவி,
கணினிப் பொறியியல் பிரிவு